எதிர்க்கரையில் அர்கிரோவின் விடுமுறை

எங்கள் தீவில் மத்தியான வேளையில் விழித்திருப்பவர்கள் வெளிநாட்டுக்காரர்கள் மட்டுந்தான். சாப்பிட்டு, தட்டைக் கழுவி, ஜன்னல் கதவுகளை இழுத்துச் சாத்தினால் வெயில் தாழும்வரை ஊர் அசையாது. பாதிரியார் தூங்குவார். அவர் மனைவி அவரைவிடச் சத்தமாகத் தூங்குவாள். காப்பிக்கடை நிகீதாஸ் தன் கடைப் பெஞ்சிலேயே வாயைப் பிளந்துகொண்டு கிடப்பான். அந்த நேரத்தில் யாராவது கதவைத் தட்டினால் ஒன்று யாரோ செத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் துண்டு கேட்டு ஒரு ஜெர்மன்காரன் நிற்க வேண்டும்.

அதனால், மத்தியானத்தில் ஸ்தாதிஸ் என்ன செய்கிறான் என்பது ஊரில் ஒருத்தருக்கும் தெரியாமல், டென்மார்க்கிலிருந்து வருஷா வருஷம் வரும் லிஸ்பெத் அம்மாவுக்கு மட்டும் தெரிந்திருந்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை. அவன் பெண்டாட்டி அர்கிரோவுக்கே தெரியாதே!

அர்கிரோவின் வீடு குடாவின் தென்கரையில், சாலை முனையில் இருக்கிறது. ஆறு அறைகள், ஆறுக்கும் நீல ஜன்னல். வெயில்காலம் முழுக்க வாடகைக்கு விடுவாள். சூரியன் எழுவதற்கு முன்னால் எழுந்து மாவு பிசைவாள், படுக்கை விரிப்புகளைத் துவைப்பாள், முட்டை அவிப்பாள், குளியலறைக் குழாயில் மண் அடைத்தால் அதையும் அவளே தோண்டி எடுப்பாள். ஸ்தாதிஸ் துறைமுகத்துக்குப் போய் விருந்தினர்களை வண்டியில் ஏற்றி வருவான், மீன் வாங்குவான், கிடைத்த நேரத்தில் உட்கார்ந்து சிகரெட் பிடிப்பான். பேச்சு என்று பார்த்தால் அவனுக்கும் சேர்த்து அவள்தான் பேசுவாள்.

பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு ஜூலை மாதம், கை நிறைய விரிப்புகளோடு படியிறங்கும்போது அர்கிரோ அப்படியே சரிந்து விழுந்தாள். டாக்டர் வந்து நாடி பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார். "மருந்தெல்லாம் வேண்டாம். மத்தியானம் தூங்கு. தூங்கலேன்னா அடுத்த தடவை நான் வர வேண்டியிருக்காது, பாதிரியார்தான் வரணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கே ஸ்தாதிஸ் படகுக் கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டு வாசலுக்குக் கிளம்பினான். மத்தியானத்தில் அந்தப் பக்கக் கடற்கரைக்குப் போகும் வாடகை ஸ்கூட்டர்கள் எல்லாம் அந்த முனையில்தான் திரும்பும். அதைக் கட்டி மறிக்கப் போகிறானாம்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்று கட்டிலில் படுத்தபடியே கத்தினாள் அர்கிரோ. "பெண்டாட்டி தூங்கறான்னு ரோட்டை மறிப்பியா? நீ என்ன ராஜாவா, நான் என்ன மகாராணியா? ஊரே வயித்தைப் பிடிச்சிக்கிட்டுச் சிரிக்கும். வை அந்தக் கயித்தை!"

அவன் கயிற்றை வைத்துவிட்டான். அதற்கப்புறம் அந்தப் பேச்சே எழவில்லை. அர்கிரோவும் மத்தியானம் படுக்கப் பழகினாள். தலையணையில் தலை பட்டால் போதும், அடித்துப் போட்ட தூக்கம். எங்கள் முனையில் ஓர் ஈ பறந்தாலும் கேட்கும், அவ்வளவு அமைதி என்று வருகிறவர்களிடம் எல்லாம் பெருமை அடித்துக்கொள்வாள்.

எதையும் துருவிப் பார்க்கும் குணம் அவளுக்குப் பிறவியிலேயே உண்டு. பக்கத்து வீட்டுப் பூனை ஏன் இளைத்துவிட்டது என்பதில் தொடங்கி, நெதர்லாந்துக்காரி ஏன் புருஷனோடு ஒரே மேஜையில் சாப்பிடவில்லை என்பது வரைக்கும் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். இத்தனை இருந்தும் சொந்த வீட்டிலேயே இரண்டு சமாசாரங்கள் அவளுக்குப் பிடிபடவில்லை. சமையலறையில் இருக்கும் நீல நாற்காலியின் கால்களில் மட்டும் ஒவ்வொரு வெயில்காலமும் எப்படித் தார் ஒட்டுகிறது? வாராவாரம் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ப்பாள், மறுவாரம் திரும்ப ஒட்டியிருக்கும். இரண்டாவது, மத்தியானம் முழுக்க நிகீதாஸ் கடையில் நிழலில் உட்கார்ந்திருப்பதாகச் சொல்லும் ஸ்தாதிஸின் கழுத்து எப்படி அப்படிக் கருகிப்போகிறது?

செப்டம்பர் மாதம் லிஸ்பெத் அம்மா ஊருக்குப் போகும் நாளில் விடைபெற வந்தாள். அவள் தங்குவது எதிர்க்கரையில், பொலிக்ஸெனியின் வீட்டு மாடியில். ஆனால் அர்கிரோ கையால் ஒரு காப்பி குடிக்காமல் கப்பல் ஏற மாட்டாள். எங்கள் மொழியைக் கடித்துக் கடித்து நன்றாகவே பேசுவாள். காப்பியைக் குடித்து முடித்துக் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"உங்க வீட்டுக்காரர் ரொம்ப நல்ல மனுஷர், அர்கிரோ. என் மாடியிலேருந்து தினம் பாக்கறேன். மத்தியானம் ஒரு பொண்ணோட நடந்து போவார். கொஞ்ச நேரத்தில தனியா திரும்பி வருவார். அப்புறம் இன்னொரு பொண்ணு. எல்லாப் பொண்ணுங்களும் அவர்கிட்டச் சிரிச்சிச் சிரிச்சிப் பேசும்."

அர்கிரோ கோப்பையை எடுத்துத் தட்டில் வைத்தாள். அவளுக்கு இருக்கும் வீம்பு யாருக்கு இருக்கிறது! "ஆமா ஆமா, அவர் எல்லாருக்கும் உதவி பண்ணுவார்" என்று ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, அந்த அம்மாவின் கன்னங்களில் முத்தமிட்டுக் கப்பலுக்கு அனுப்பி வைத்தாள். கப்பல் முனையைத் தாண்டின பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தது அந்த நீல நாற்காலியில்தான்.

முப்பத்தைந்து வருஷக் குடித்தனம். இந்த வயதில், அந்தத் தொப்பையை வைத்துக்கொண்டு, பெண்களோடா? சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுபோயிற்று. கேட்டால் சொல்லவா போகிறான்? "காப்பிக்கடை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவான். விழித்திருந்து பார்க்கலாம் என்று மறுநாள் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டே படுத்தாள். கண்ணைத் திறந்தபோது சாயங்காலம். அப்படியே விழித்திருந்தாலும், அவள் ஜன்னலிலிருந்து சாலை முனை தெரியாது, அத்திமரம் மறைக்கும். எதிர்க்கரை மாடியிலிருந்து பார்த்தால்தான் தெரியும். லிஸ்பெத் அம்மா பார்த்த அதே இடத்திலிருந்து.

அவளுடைய கடைசி விருந்தினர்கள் கிளம்பின அன்று சாயங்காலம், ஒரு சின்னப் பெட்டியில் துணியை மடித்து வைத்தாள்.

"நான் விடுமுறைக்குப் போறேன்" என்றாள்.

ஸ்தாதிஸ் மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தான். "ஏதென்ஸுக்கா? உன் தங்கச்சி வீட்டுக்கா?"

"இல்ல. எதிர்க்கரைக்கு. பொலிக்ஸெனி வீட்டு மாடிக்கு."

கத்தி அப்படியே நின்றது. "ஏம்மா, நம்மகிட்ட ஆறு ரூம் காலியாக் கிடக்கு!"

"இங்க படுத்தா அது விடுமுறையாய்யா? காலையில எழுந்ததும் துவைக்கணும்னு கை பரபரக்கும். இத்தனை வருஷமா ஊர் உலகமெல்லாம் இங்க வந்து சும்மா படுத்துக் கிடக்குதே, அதுல அப்படி என்னதான் இருக்குன்னு நானும் பாக்கறேன்."

இது முழுப் பொய்யும் அல்ல. உண்மையிலேயே அது அவளுக்கு நெடுநாள் சந்தேகம். ஸ்தாதிஸ் கத்தியைக் கீழே வைத்தான். "பிரஷர் மாத்திரையை எடுத்துக்கிட்டியா?" என்று மட்டும் கேட்டான்.

விடுமுறை என்றால் சும்மா இருப்பது. அதைவிடக் கஷ்டமான வேலையை அர்கிரோ பார்த்ததே இல்லை. முதல் நாள் காலையில் எழுந்ததும் தன் படுக்கையைத் தானே விரித்து, மூலை சரியில்லை என்று பிரித்துத் திரும்ப விரித்தாள். மாடிப்படியைக் கூட்டினாள். மண்ணில் துண்டை விரித்துப் படுத்துப் பார்த்தாள். கடலைப் பார்த்தாள். கடல் நேற்று இருந்த மாதிரியே இருந்தது. பக்கத்தில் படுத்திருந்த பிரெஞ்சுக்காரனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இவனுக்கு இதில் என்ன தெரிகிறது என்று அவள் அவனையே உற்றுப் பார்க்க, அவன் பயந்துபோய்த் துண்டைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனான்.

"துடைப்பத்தைக் கீழ வைடி!" என்று பொலிக்ஸெனி வந்து பிடுங்கினாள். "நீ இப்ப விருந்தாளி. உக்காரு. எதையாவது குறை சொல்லு. விருந்தாளின்னா அப்படித்தான் இருக்கணும்."

"தலையணை கல்லு மாதிரி இருக்கு."

"எதுக்கு வாயைத் திறக்கச் சொன்னேன்!"

செய்தி அதற்குள் தீவு முழுக்கப் பரவிவிட்டது. எங்கள் ஊரில் பெட்டியோடு குடாவைச் சுற்றிப் போகிற பெண்பிள்ளைக்கு ஒரே அர்த்தந்தான். பாதிரியார் மனைவி, தக்காளிக்குள் அரிசி அடைத்துச் சுட்டு, ஒரு பெரிய தட்டில் துணி மூடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வந்தவள் தட்டை வைப்பதற்கு முன்னால் அழத் தொடங்கினாள்.

"உன்னை அடிச்சானா?"

"யாரு?"

"ஸ்தாதிஸ்."

"அவன் கோழியைக்கூட அடிக்கமாட்டானே. நான் விடுமுறைக்கு வந்திருக்கேன்மா."

"மறைக்காதடி கண்ணு. எனக்குத் தெரியாததா? ஆம்பளைங்களுக்கு அறுபதுக்கு மேலதான் ஆட்டம்" என்று மூக்கைச் சிந்தினாள் அந்த அம்மாள். அர்கிரோவுக்குச் சுருக்கென்றது. தக்காளியில் உப்பு அதிகம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அன்று மத்தியானம் ஊர் கதவைச் சாத்தியது. அர்கிரோ மூன்று காப்பி குடித்துவிட்டு, மாடியின் திண்மையான கைப்பிடிச் சுவருக்குப் பின்னால், காகிதப்பூக் கொடிக்குள் தரையில் பதுங்கி உட்கார்ந்தாள். கொடியின் இடுக்கு வழியாக எதிர்க்கரை பளிச்சென்று தெரிந்தது. அவளுடைய வீடு. ஆறு நீல ஜன்னல். அத்திமரம். சாலை முனை. அடேயப்பா, நம்ம வீடு இவ்வளவு அழகா என்று ஒரு நிமிஷம் வந்த வேலையே மறந்துபோயிற்று.

முனையில் யாரும் இல்லை. ஆனால் சத்தம் இருந்தது. என்ன சத்தம்! ஒன்றன்பின் ஒன்றாக ஸ்கூட்டர்கள் அவள் வீட்டு ஓரத்தில் உறுமித் திரும்பின. ஒருத்தன் ஹாரனை அழுத்திக்கொண்டே போனான். தண்ணீரைத் தாண்டி அவள் காதுக்கு வந்தது. ஈ பறந்தால் கேட்கும் இடமா இது? நான் இருக்கும்போது இந்தச் சனியன்களெல்லாம் எங்கே போயிருந்தன? அர்கிரோவுக்கு ஒன்றும் புரியவில்லை.

காப்பிக்கடையும் மாடியிலிருந்து தெரிந்தது. பெஞ்சில் நிகீதாஸ் தனியாகக் கிடந்தான்.

சாயங்காலம் ஸ்தாதிஸ் ஒரு கூடை அத்திப்பழத்தோடு வந்து மாடிப்படியின் கீழேயே நின்றான். முகம் வெயிலில் சிவந்திருந்தது.

"மத்தியானம் தூங்கினியா?" இதுதான் அவன் முதல் கேள்வி.

"தூங்கினேன்" என்று பொய் சொன்னாள். "நீ எங்க இருந்த?"

"நிகீதாஸ் கடையில."

அவன் போன பிறகு அர்கிரோ அந்த அத்திப்பழக் கூடையையே வெறித்துக்கொண்டிருந்தாள். தூங்கினாளா என்று எதற்குக் கேட்கிறான்? பார்த்தாளா பார்க்கவில்லையா என்று ஆழம் பார்க்கிறான்! வீட்டிலும் இல்லை, முனையிலும் இல்லை, கடையிலும் இல்லை. அப்படியானால் எங்கே? அன்றுதான் முதல் தடவையாக அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது. முப்பத்தைந்து வருஷம் ஒரே தலையணை ஓரத்தில் படுத்த மனுஷன், எதிர்க்கரையிலிருந்து பார்த்தால் முன்பின் தெரியாதவனாகத் தெரிந்தான்.

இரண்டாம் நாளும் அதே கதை. முனை காலி, கடையில் நிகீதாஸ் மட்டும், அவள் வீட்டு ஓரத்தில் ஸ்கூட்டர்களின் கூச்சல். சாயங்காலம் அதே கேள்வி, அதே பொய். இவனும் பொய், அவளும் பொய். இரவுச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்தாள்.

பொலிக்ஸெனி மட்டும் ஏகக் குஷியில் இருந்தாள். "நீ வந்த ராசிடி அர்கிரோ! ரெண்டு நாளா மத்தியானம் என்னமா தூங்கறேன் தெரியுமா? எப்பவும் இந்த ஸ்கூட்டர்காரப் பசங்க என் மண்டைக்குள்ளயே ஓட்டுவானுங்க. ஒரு சத்தம் காணோம். பேசாம நீ இங்கயே இருந்துடு."

அர்கிரோ அதைக் காதில் வாங்கவில்லை. அவள் மனசு முழுக்க எதிர்க்கரையில் இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம். கொடிக்குள் பதுங்கியிருந்த அர்கிரோவுக்குக் கண் சொக்கியது. துறைமுகத்துப் பக்கமிருந்து ஒரு ஸ்கூட்டர் இந்தக் கரையில் வரும் சத்தம் கேட்டது. பெரிதாகி, பெரிதாகி, பொலிக்ஸெனியின் வீட்டை நெருங்கினதும் பொட்டென்று நின்றுவிட்டது. அப்புறம் ஒன்றுமில்லை. சற்றுப் பொறுத்து, வீட்டைத் தாண்டி வெகுதூரம் போன பிறகு, அதே ஸ்கூட்டர் திரும்ப உறுமியது.

அது எப்படி? வண்டி இந்த வீட்டைத் தாண்டும்போது மட்டும் ஊமையாகிவிடுமா?

அடுத்த வண்டிச் சத்தம் கேட்டதும் அவள் பதுங்கலை மறந்து எழுந்து, கைப்பிடிச் சுவர்மேல் எக்கி, நேர் கீழே எட்டிப் பார்த்தாள்.

கீழே, நிழல் என்று பெயருக்கு மட்டும் இருந்த சவுக்கு மரத்தடியில், அவளுடைய நீல நாற்காலி இருந்தது. அதில் ஸ்தாதிஸ் இருந்தான். தலையில் நான்கு மூலையும் முடிச்சுப் போட்ட கைக்குட்டை. ஸ்கூட்டரில் ஒரு மஞ்சள் முடிப் பெண் வந்தாள். அவன் எழுந்து நடுச்சாலையில் நின்று கையைக் காட்டினான். அவள் வண்டியை நிறுத்தினாள். அவன் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினான். பிறகு விரலால் மேலே மாடியைக் காட்டினான். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், இறங்கினாள். அவள் வண்டியைப் பிடித்துக்கொள்ள, அவன் தொப்பையை அழுத்திக்கொண்டு பின்னாலிருந்து தள்ளினான். இரண்டு பேரும் பேசிக்கொண்டே வீட்டைத் தாண்டி நடந்தார்கள். வளைவுக்கப்பால் அவள் கையசைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள். அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு தனியாகத் திரும்பி வந்து, நாற்காலியில் உட்கார்ந்தான்.

"மாதாவே!" என்றாள் அர்கிரோ. சத்தம் வெளியே வரவில்லை.

எதிர்க்கரையைத் துளைத்துத் துளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாளே, மனுஷன் மூன்று நாளாக அவள் காலடியில் அல்லவா உட்கார்ந்திருக்கிறான்! நாற்காலியைத் தோளில் தூக்கிக்கொண்டு, குடாவைச் சுற்றி நடந்து வந்து! அன்றைக்குக் கயிற்றை வைக்கச் சொன்னாள். வைத்துவிட்டான். கயிற்றுக்குப் பதில் தன்னைக் கொண்டுபோய் ரோட்டில் போட்டுக்கொண்டான். எத்தனை வெயில்காலம்! ஊர் தூங்கும் நேரமாகப் பார்த்து, ஒருத்தருக்கும் தெரியாமல், அவளை யாரும் கேலி செய்யாமல். அவனைத் திட்ட வேண்டும்போல இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது.

செருப்புகூடப் போடாமல் படியிறங்கினாள். வெயிலில் தார் உருகிக் கொழகொழத்துக் கிடந்தது. உள்ளங்கால் சுட்டது, ஒட்டியது. அவள் நிற்கவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். கழுத்துத் தோல் அடுப்பில் வைத்த ரொட்டி போல வெடித்திருந்தது. என்ன சொல்வது என்று தெரியாமலே வாயைத் திறந்தாள்.

காலடி கேட்டது அவனுக்கு. வெளிநாட்டுக்காரர் யாரோ கடலுக்குப் போகிறார்கள் என்று நினைத்திருப்பான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு விரலை மட்டும் உயர்த்தினான்.

"ஷ்ஷ்... கொஞ்சம் மெதுவா போங்க. மேல என் பொண்டாட்டி தூங்கறா."

அர்கிரோ திறந்த வாயை மூடினாள். வந்த வழியே, நுனிக்காலில், மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தாள். ஒரு படியிலும் சத்தம் எழவில்லை. மாடியறைக்குள் போய்ப் படுத்தாள். கொஞ்சம் அழுதாள். அப்புறம் தூங்கிப்போனாள், அந்த விடுமுறையில் முதல் தடவையாக.

சாயங்காலம் அவளை எழுப்பினது பொலிக்ஸெனியின் அலறல். "என் வெள்ளை விரிப்பில இது என்னடி, தாரு! ரெண்டு கால் அச்சு! பச்சைக் குழந்தையாடி நீ?"

"மண்ணெண்ணெய் போட்டுத் தேய். போயிடும். எனக்கு நல்லாப் பழக்கம்" என்று சொல்லிவிட்டு அர்கிரோ பெட்டியை மூடினாள்.

ஸ்தாதிஸ் படிக்குக் கீழே திராட்சையோடு நின்றிருந்தான். பெட்டியைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது, உடனே அதை அடக்கிக்கொண்டான்.

"தூங்கினியா?"

"தூங்கினேன்யா. சத்தமே இல்ல."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். பெட்டியை வாங்கித் தோளில் வைத்தான். இருவரும் குடாவைச் சுற்றி நடந்தார்கள். விடுமுறை எப்படி என்று அவன் கேட்டான். பரவாயில்லை, கடல் அப்படியேதான் இருக்கிறது, தலையணைதான் கல்லு என்றாள். வழியெல்லாம் அவள்தான் பேசினாள். நாற்காலியை எந்தப் புதரில் ஒளித்து வைத்தானோ, அவள் கேட்கவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் அது சமையலறையில் தன் இடத்தில் இருந்தது, காலில் புதுத் தாரோடு.

அன்று மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அர்கிரோ ஜன்னல்களைச் சாத்தினாள். ஸ்தாதிஸ் வழக்கம்போல, கடைக்குப் போய்வருகிறேன் என்று முணுமுணுத்தான். கதவோரம் ஓர் ஆணியில் ஒரு பெரிய வைக்கோல் தொப்பி தொங்கிக்கொண்டிருந்தது. காலையில்தான் துறைமுகத்தில் வாங்கி வந்திருந்தாள்.

"இதைப் போட்டுக்கிட்டுப் போ" என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல். "நிகீதாஸ் கடையில வெயில் ஜாஸ்தி."

ஸ்தாதிஸ் தொப்பியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். காதுவரை சிவந்துபோய், தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டான். அவள் படுக்கையறைக்குப் போனாள். அவன் நாற்காலியைத் தரையில் உரசாமல் தூக்கிக்கொண்டு வெளியே போகும்வரை, கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தாள்.